எட்டாவது காட்சியிலும் அதே சுருதி

நியூயார்க்கின் பிராட்வே, லண்டனின் வெஸ்ட் எண்ட் ஆகிய இடங்களில் 'மியூசிக்கல்' என்ற பெயரில் நடக்கும் இசை நாடகங்களில் பாடி, ஆடி, நடிக்கும் பெண்களின் தொழில் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் குரலைப் பற்றியவை. அதனால் குரலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பத்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறேன். மியூசிக்கலுக்கு என் குரல் ஒத்துவருமா? எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

ஒத்துவரும். ஆனால் முதலில் கைவிட வேண்டியது 'என் சுருதி' என்ற எண்ணத்தைத்தான். கச்சேரியில் பாடகிக்கு எது வசதியோ அதுதான் சுருதி. தம்புராவும் பக்கவாத்தியமும் அவருக்கு ஏற்பச் சேர்ந்துகொள்ளும். இசை நாடகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதி அச்சாகி, வாத்தியக் குழுவின் எல்லாத் தாள்களிலும் ஏறியிருக்கும். நாடகம் உருவாகும் காலத்தில் முதல் நாயகியின் குரலுக்கேற்ப அதை மாற்றுவார்கள். பிறகு அந்த வேடத்துக்கு வருபவர் பெரும்பாலும் அதே சுருதியில்தான் பாடியாக வேண்டும்.

உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். ஐந்தரைக் கட்டை என்றால் உங்கள் மேல் ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 415 அதிர்வு, மேல் பஞ்சமம் 622. இன்றைய மியூசிக்கல்களில் நாயகி முழுக் குரலில் உச்சத்தைத் தொடும் இடங்கள் பெரும்பாலும் உங்கள் மேல் ஸ்தாயி காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் விழும். ராகம் விரித்துப் பாடும்போது தொட்டுவிட்டு இறங்கும் இடம் அது. இங்கே அதே இடத்தில் ஒரு சொல்லை, ஒரு ஸ்வரத்தில், ஆறு விநாடி நிறுத்தச் சொல்வார்கள். கீழே உங்கள் ஆதார ஷட்ஜத்துக்கு அரை ஸ்வரம் கீழ்வரை தெளிவாகப் பேச்சு கேட்க வேண்டும்.

இரண்டாவது, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. ஸ்வரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்து, நீட்டலின் கடைசிப் பகுதியில் மட்டும் மெல்லிய அதிர்வு கொடுப்பது இங்கே வழக்கம். பத்து வருடம் கமகத்தில் ஊறிய தொண்டை, நேரான ஸ்வரத்தைச் சும்மா விடாது. கீழிருந்து வழுக்கி ஏறும். அந்த வழுக்கலைக் குழுவாகப் பாடும்போது இசை இயக்குநர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேராக எட்டு எண்ணிக்கை பிடித்து, பதிவு செய்து, கேட்டுத் திருத்துங்கள். மூன்று மாதமாவது பிடிக்கும்.

மூன்றாவது, சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள். தெரிந்த கிருதியைக் கேட்க வருபவர் சொல்லைத் தாமே நிரப்பிக்கொள்வார். நாடகம் பார்க்க வருபவர் அந்த வரியை வாழ்நாளில் ஒரே ஒரு முறை கேட்கிறார். சொல்லின் கடைசி மெய்யெழுத்து காதில் விழவில்லை என்றால் கதையில் ஒரு கண்ணி அறுந்துவிடும்.

உங்களுக்குக் கைகொடுக்கப் போவதும் நிறைய இருக்கிறது: லயம், சுருதிச் சுத்தம், மனப்பாடம், அகார சாதகம் ('ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி) கொடுத்த மூச்சு. மேற்கத்திய ஐந்து கோட்டு ஸ்வரக் குறிப்பை வாசிக்க மட்டும் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு முழு நாடகத்தின் இசையைச் சில நாட்களில் கற்றுக்கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். குருவோடு வரி வரியாகச் சொல்லிப் பழக அங்கே நேரமில்லை.

'பெல்ட்' என்கிறார்களே, அது உரக்கக் கத்துவதுதானே? அப்படிப் பாடினால் தொண்டை கெடாதா?

கத்தினால் கெடும். பெல்ட் கத்தல் இல்லை, கத்தல் போன்ற உணர்ச்சியைத் தரும் குரல். நாம் பேசும் நெஞ்சுக் குரலின் தன்மையை, வழக்கமாக மெல்லிய தலைக் குரலுக்கு மாறும் உயரத்துக்கும் கொண்டுபோவது அது. அப்போது குரல்நாண்கள் தடித்து, ஒவ்வொரு அதிர்விலும் திறந்திருக்கும் நேரத்தைவிட ஒட்டியிருக்கும் நேரம் கூடுதலாக இருக்கும். அதனால் வெளியேறும் காற்று குறைவு. புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது இங்கேதான். பெரிய சத்தம் வேண்டும் என்று பெரிய மூச்சை இழுத்து, அதைத் தொண்டையில் முட்ட விடுகிறார்கள். ஒட்டியிருக்கும் நாண்களின் மேல் காற்று மோத மோத, நாண்கள் ஒன்றையொன்று அறைந்துகொள்ளும். நொடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரத்தை ஒரு நிமிடம் பாடினால் 26,400 மோதல். தவறான முறையில் அத்தனை முறை மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உயிரெழுத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 'ஆ', 'ஏ' போன்றவை உச்சத்தில் எளிதாக ஒலிக்கும். 'ஈ', 'ஊ' நெரியும். காரணம் இதுதான்: 'ஈ' சொல்லும்போது வாயறையின் முதல் ஒத்ததிர்வு (வாயறை தானும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைக் கூட்டும் இடம்) ஏறக்குறைய 300 முதல் 400 அதிர்வில் இருக்கிறது. பாடும் ஸ்வரமோ 587. ஸ்வரம் ஒத்ததிர்வைத் தாண்டிப் போய்விட்டதால், வாயறை குரலுக்கு உதவுவதில்லை. தொண்டை மட்டும் தனியாக உழைக்கிறது. ஆகவே உச்சியில் 'ஈ'யை 'எ' பக்கமாகவும், 'ஊ'வை 'ஒ' பக்கமாகவும் சற்றுத் திறக்க வேண்டும். பார்வையாளர் காதில் அது 'ஈ' என்றே விழும். முன்பின் உள்ள சொற்கள் அதைச் சரிசெய்துவிடும்.

பழக வேண்டிய வரிசை: தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் தோழியை 'ஏய்!' என்று ஒருமுறை கூப்பிடுங்கள். தாடை முன்னால் நீளாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் அது வர வேண்டும். அதே 'ஏய்'யை ஒரு ஸ்வரத்தில் கூப்பிடுங்கள். பிறகு இரண்டு எண்ணிக்கை நீட்டுங்கள். பிறகு நான்கு. அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏற்றுங்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் மென்மையான தலைக் குரலில் ஐந்து நிமிடம் இறக்கிப் பாடி முடியுங்கள். சுருதி இறங்குவது, முகவாய் தூக்குவது, பாடி முடித்ததும் மென்மையாகப் பாட முடியாமல் போவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும், நெஞ்சுக் குரலின் கனத்தை அளவுக்கு மீறி மேலே தூக்குகிறீர்கள் என்று பொருள். அப்போது குரலின் கனத்தைக் குறைத்துத் தலைக் குரலைக் கலக்க வேண்டும். அந்தக் கலவைக்குத்தான் 'மிக்ஸ்' என்று பெயர். இன்று வாரம் முழுவதும் தாக்குப்பிடிக்கும் நடிகைகளில் பெரும்பாலோர் பார்வையாளர் பெல்ட் என்று நினைக்கும் இடத்தில் மிக்ஸ்தான் பாடுகிறார்கள்.

வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது உண்மையா? மனிதக் குரலால் எப்படி முடிகிறது?

உண்மை. வழக்கமான அட்டவணை இப்படி: திங்கள் விடுமுறை. செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை ஒவ்வொரு காட்சி. புதன், சனி இரண்டு நாளும் பகல் ஒன்று, மாலை ஒன்று. ஞாயிறு பகல் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஒரு பாட்டில் உச்சத்தைத் தொடுவதற்குப் பலருக்குத் திறமை இருக்கிறது. அதே உச்சத்தைச் சனிக்கிழமை இரவு, அன்றைய இரண்டாவது காட்சியில், அதே சுருதியில் தொட முடிகிறதா என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான தேர்வு. முடியாத வேடங்களும் இருக்கின்றன. 1979இல் பிராட்வேக்கு வந்த 'எவிட்டா'வில் நாயகி பட்டி லுபோன் வாரத்துக்கு ஆறு காட்சிதான் நடித்தார். பகல் காட்சிகளுக்கு வேறொரு நடிகை இருந்தார். 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா'வில் கிறிஸ்டீன் வேடத்துக்கும் வாரம் இரண்டு காட்சிக்குத் தனி நடிகை. அந்த ஏற்பாட்டில் பலவீனம் ஒன்றுமில்லை. குரலுக்கு இருக்கும் எல்லையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மற்ற வேடங்களுக்கு ஒழுங்குதான் வழி. காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மேடை ஏறும் முன் ஒரு பாட்டில் குடிப்பதால் அந்த நேரத்துக்குப் பயனில்லை, ஏனென்றால் குடிக்கும் தண்ணீர் குரல்நாணின் மேல் படுவதே இல்லை. உடலில் கலந்து, சுற்றி வந்துதான் அங்கே சேரும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். நேரடியாக ஈரம் கொடுப்பது ஆவிதான். வெறும் வெந்நீர் ஆவி போதும். அதில் தைலம் கலந்தால் உறுத்தும், வறட்டும்.

காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு குரலை எழுப்பும் பயிற்சி. ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் மட்டும் அமிழ்த்தி, அதன் வழியாக 'ஊ' என்று ஒலித்தபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிப் பாடுங்கள். குமிழிகள் ஒரே சீராக வந்தால் காற்று சீராக வருகிறது என்று பொருள். குழலுக்குள் திரும்பும் அழுத்தம் நாண்களை மெத்தென்று பிரித்துவைப்பதால், மோதல் இல்லாமலே முழு ஸ்தாயியும் விழித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் இது. பிறகு உதடு அதிர்த்தல், 'ங' என்று மூக்கில் முனகல், பின் அகாரம். பெல்ட் கடைசியாக, இரண்டே வரி. மொத்தம் இருபது நிமிடத்தில் முடியட்டும். இரண்டு காட்சி உள்ள நாளில் மாலைக்கு முன் பாதி போதும், குரல் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். அதிகம் பேர் சறுக்குவது அந்த இடைவேளையில்தான். பகல் காட்சிக்கு வந்த உறவினரோடு இரைச்சலான உணவகத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் உரக்கப் பேசிவிட்டு, மாலையில் 'பாட்டு கடினம்' என்பார்கள். பாட்டின் மேல் பழி போடக் கூடாது.

காட்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் அதே குழலில் மேலிருந்து கீழே மட்டும் இறங்குங்கள். இரவுச் சாப்பாடு அடுத்த ஆபத்து. பத்தே முக்காலுக்குத் திரை விழுந்து, பதினொன்றரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, உடனே படுத்தால் அமிலம் மேலேறி விடிவதற்குள் குரல்வளையின் பின்புறத்தை வீங்க வைத்துவிடும். முக்கியமான சாப்பாட்டை மாலை நான்கு, ஐந்து மணிக்கே முடித்துவிட்டு, இரவில் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது நல்லது. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வைத்து உயர்த்துவதும் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து நிலைமை மோசமாகும்.

குரல் கம்மினால் எப்போது ஓய்வு, எப்போது மருத்துவர்? மாத்திரை போட்டுக்கொண்டு பாடலாமா?

தினமும் ஒரே சோதனை செய்யுங்கள். தெரிந்த ஓர் எளிய வரியை, முடிந்த வரை உயரத்தில், முடிந்த வரை சத்தம் குறைத்துப் பாடுங்கள். குரல் உடனே பிறந்தால் நல்லது. முதலில் வெறும் காற்று வந்து, பிறகு குரல் தாமதமாகப் பிடித்தால் நாண்களின் ஓரத்தில் வீக்கம் இருக்கிறது. உரத்த குரலில் இந்தக் குறை தெரியாது. அதனால்தான் 'நேற்றுகூட நன்றாகப் பாடினேனே' என்று ஏமாந்துபோகிறார்கள். சோதனையில் குறை தெரிந்த அன்று காட்சிக்கு வெளியே பேச்சைக் குறையுங்கள். ஒத்திகையில் ஒரு ஸ்தாயி கீழே, மெல்லப் பாடிக்கொள்ள அனுமதி கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், தொழில் தெரிந்தவர்கள் கேட்பதுதான்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று உடைந்து, உயரம் முழுவதும் காணாமல் போனால் அது வேறு விஷயம். குரல்நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். வலி இருக்காது, அதுதான் ஆபத்து. அந்த நொடியே நிறுத்தி, வாயைத் திறக்காமல், குரல்வளையை ஸ்ட்ரோபோஸ்கோப்பில் (விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாண்களின் அசைவைக் காட்டும் கருவி) பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலையில் இரண்டாம் பாதியையும் பாடி முடித்தால் நிரந்தரத் தழும்பு விழலாம். சளி, காய்ச்சல் எதுவுமில்லாமல் இரண்டு மூன்று வாரம் கம்மல் நீடித்தாலும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை இரத்தக் கசிவுக்கு வழி செய்யக்கூடியவை. கடினமாகப் பாடும் நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மூக்கடைப்புக்கும் ஒவ்வாமைக்கும் போடும் பல மாத்திரைகள் நாண்களை வறட்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்கள் எச்சரிக்கை மணியையே அணைத்துவிடும். கிசுகிசுப்பது ஓய்வாகாது, ஓய்வென்றால் மௌனம்.

குரல்நாணில் முடிச்சு (சிறு தடிப்பு) என்றதும் அறுவைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலான குரல்நாண் முடிச்சுகளுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். 1956இல் 'மை ஃபேர் லேடி'யால் புகழின் உச்சிக்குப் போன ஜூலி ஆண்ட்ரூஸ், 1997இல் குரல்நாண் அறுவைக்குப் பின் தம் பாட்டுக் குரலையே இழந்தார். இன்று கருவிகளும் முறைகளும் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் அந்தக் குரலை நினைக்கும்போது, கத்தி கடைசி வழியாகவே இருக்கட்டும் என்று மனப்பூர்வமாகச் சொல்லத் தோன்றுகிறது.

ஆடிஷனில் பதினாறு 'பார்' மட்டும் பாடச் சொல்கிறார்கள். அதற்குள் என்ன காட்ட முடியும்? தாளைப் பியானோக்காரரிடம் எப்படிக் கொடுப்பது?

பதினாறு பார் என்றால் பதினாறு ஆவர்த்தனம், அதாவது பதினாறு தாளச் சுற்று மாதிரி. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் 64 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போனால் சரியாக 32 விநாடி. அதற்குள் ஒரு குட்டிக் கதை நடக்க வேண்டும்: ஒரு விருப்பம், ஒரு தடை, ஒரு முடிவு. அதனால் பாட்டின் தொடக்கத்தை எடுக்காதீர்கள். கடைசிப் பதினாறு பாரிலோ, கடைசித் திருப்பத்திலோதான் உச்ச ஸ்வரமும் முடிவும் சேர்ந்து கிடைக்கும். முன்னிசை ஒரு பார் போதும்; ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்டிக் கொடுத்தாலும் போதும்.

பல பெண்கள் பாடத் தொடங்கும் முன்பே தோற்பது பியானோ அருகில்தான். தாளைத் தனித்தனியாகக் கொடுத்தால் மின்விசிறிக் காற்றில் பறக்கும். மூன்று வளையக் கோப்பில், இருபுறமும் அச்செடுத்து, பக்கம் திருப்புவது குறையும்படி வையுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கொளியில் கண் கூசும். நகலெடுக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் இடக்கை வாசிக்க வேண்டிய வரி இருக்கிறது. அது போய்விட்டால் உங்கள் பாட்டுக்குத் தரையே இல்லை. தொடங்கும் இடம், தாண்டும் இடம், முடியும் இடம் மூன்றையும் தடித்த பேனாவால் குறியுங்கள். வேகத்தைச் சொல்ல விரல் சொடுக்காதீர்கள், அவருக்கு அது அவமதிப்பாகப் படும். பாட்டின் முதல் வரியை அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்துக் காட்டுங்கள்; வேகம் தானே விளங்கும். அங்கேயே சுருதி மாற்றி வாசிக்கச் சொல்வது கூடவே கூடாது. வேண்டிய சுருதியில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். பாடும்போது தேர்வாளர்களின் கண்ணைப் பார்க்காமல், அவர்கள் தலைக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் எதிராளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண்ணைப் பார்த்தால் அவர்களையும் நடிக்க வைக்கிறீர்கள்; குறிப்பெடுக்க முடியாமல் தவிப்பார்கள்.

கோப்பில் பத்துப் பன்னிரண்டு பாட்டு இருக்கட்டும். 'வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?' என்ற கேள்வி நல்ல சகுனம். அதற்குக் கையில் இருப்பது நேற்று கற்ற பாட்டாக இருக்கக் கூடாது. நியூயார்க்கில் நீங்கள் கொடுக்கும் உங்கள் முகப்படம் 8-க்கு 10 அங்குலம். அதன் பின்புறம் ஒரு பக்கத் தகவல் தாளைப் படத்தின் அளவுக்கே வெட்டி, பின் அடித்துக் கொடுப்பார்கள். படத்தில் இருக்கும் முகமே கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும். ஐந்து வருடம் பழைய படம் வேண்டாம்.

'ஸ்விங்', 'அண்டர்ஸ்டடி' எல்லாம் வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கான வேலைதானே?

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். அண்டர்ஸ்டடி தினமும் குழுவில் ஆடிப் பாடிக்கொண்டே, நாயகிக்கு முடியாத நாளில் அந்த வேடத்தை ஏற்பவர். ஸ்டாண்ட்பை தினமும் மேடை ஏறாமல், பெரிய வேடத்துக்காக மட்டும் தயாராகக் காத்திருப்பவர். ஸ்விங் என்பவர் குழுவில் உள்ள பல பேருடைய இடங்களை, சிலசமயம் எட்டுப் பத்து இடங்களை, மனத்தில் வைத்திருப்பவர். யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் நிற்பவர். மூன்றிலும் கடினமானது இதுதான்.

எப்படி நினைவில் வைக்கிறார்கள்? மேடையின் முன் விளிம்பில் எண்கள் இருக்கும்: நடுவில் பூஜ்யம், அங்கிருந்து இரு பக்கமும் இரண்டடிக்கு ஓர் எண். ஸ்விங் தன் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மேடைப் படம் வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, 'இரண்டாம் அடியில் இடது 6, தோழியின் பின்னால் கடந்து வலது 4' என்று எழுதிவைப்பார். அடவு ஒன்றாகவே இருந்தாலும் இடவலம் மாறும், யார் கையைப் பிடிப்பது என்பது மாறும், நாற்காலியை யார் தூக்குவது என்பதும் மாறும். விபத்து நடப்பது பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை, போக்குவரத்தில். இருட்டில் பக்கவாட்டுக்கு ஓடும்போது, எதிரே வரும் நகரும் அரங்கப் பொருளை மறந்துவிடுவார்கள். அதனால் நல்ல ஸ்விங் முதலில் மனப்பாடம் செய்வது நுழைவையும் வெளியேற்றத்தையும். ஆட்டம் அதற்குப் பிறகு.

1954இல் 'தி பஜாமா கேம்' நாடகத்தில் கரோல் ஹேனிக்குக் கால் அடிபட்டபோது, அவருக்குப் பதிலாக ஏறிய குழுப் பெண் ஷெர்லி மெக்லெய்ன். அந்த வேடத்தில் அவரைப் பார்த்த தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் சினிமா ஒப்பந்தம் கொடுத்தார். அது அபூர்வம். ஆனால் 2021 டிசம்பரில், கொரோனா அலையில் நடிகர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தபோது, 'தி மியூசிக் மேன்' நாயகி இடத்தில் கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங் ஏறினார். காட்சி முடிந்ததும் நாயகன் ஹ்யூ ஜாக்மன் ரசிகர்கள் முன்னால் அவரையும் மற்ற ஸ்விங்குகளையும் பிராட்வேயின் அடித்தளம் என்று போற்றினார். அந்தச் சொல் மிகையில்லை.

சினிமாவில் பின்னணி பாடுவது போல மேடையிலும் வேறொருவர் பாடுவதுண்டா?

நாயகியின் பாட்டுக்கு இல்லை. சினிமாவில் உண்டு: 1964இல் 'மை ஃபேர் லேடி' படமானபோது ஆட்ரி ஹெப்பர்னுக்காக மார்னி நிக்சன் பாடினார். மேடையில் குழுப் பாட்டுக்கு மட்டும் பின்மேடைச் சிற்றறையில் நின்று சிலர் கூடப் பாடுவது உண்டு. ஆட்டம் கடுமையாக இருக்கும் இடங்களில் முன்பே ஒலிப்பதிவு செய்த குரல்களைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் மைக் உண்டு. எங்கே என்று தேடுகிறீர்களா? நெற்றியின் உச்சியில், முடி தொடங்கும் இடத்தில், அரிசி மணி அளவில் இருக்கும். சொந்த முடியைச் சிறு சுருள்களாகச் சுருட்டித் தலையோடு ஒட்டப் பின் குத்தி, அதன்மேல் மெல்லிய வலைத்தொப்பி, அதில் மைக், அதற்கும் மேல் விக். ஒயர் பிடரி வழியாக இறங்கி, மருத்துவப் பிளாஸ்திரியால் தோலில் ஒட்டப்பட்டு, இடுப்புப் பட்டியில் உள்ள டிரான்ஸ்மிட்டரில் சேரும். முதல் எதிரி வியர்வை. ஒரு துளி மைக் வாய்க்குள் இறங்கினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஒலிப்பொறியாளர் எதுவும் செய்ய முடியாது, அடுத்து உள்ளே வரும்போது மாற்ற வேண்டியதுதான். பெரிய வேடங்களுக்கு இரண்டு மைக் கட்டுவது அதற்காகவே. தொப்பியின் விளிம்பு மைக்கின் மேல் வந்தாலும் ஒலி மாறிவிடும். உடை ஒத்திகையிலேயே தொப்பியோடு பாடிக் காட்டுங்கள்.

சோகக் காட்சியில் உண்மையாக அழுதுகொண்டே பாட முடியுமா?

முடியாது. அழுகை வந்தால் குரல்வளை மேலேறும், தொண்டை அடைக்கும், மூக்கு ஒழுகும். இரண்டு வரிக்குப் பிறகு சுருதியும் போகும், சொல்லும் போகும். அழாமல் இருக்கப் போராடும் பெண்ணைத்தான் நடிக்க வேண்டும். உண்மையில் துக்கப்படுபவர்களும் அப்படித்தானே இருக்கிறார்கள்? கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பது, கடிதத்தைத் திரும்ப மடிப்பது. கவனம் கைக்குப் போகும்போது தொண்டை தளரும். விசும்பல் வேண்டிய இடம் எது, மூச்சு எடுக்கும் இடம் எது என்று தாளில் பென்சிலால் குறித்து, விசும்பலையே மூச்சாக்கிக்கொள்ளுங்கள். கண்ணீர் தானாக வழிந்தால் வழியட்டும், துடைக்காதீர்கள்; தொண்டை திறந்திருக்கிறதா என்பது மட்டும் முக்கியம்.

நடனம் தெரியாவிட்டால்?

பெரிய வேடங்கள் சிலவற்றுக்கு 'நன்றாக அசையத் தெரிந்தால் போதும்'. ஆனால் தொடக்கக்கால வேலை பெரும்பாலும் குழுவில்தான். குழுவுக்கு ஜாஸ், பாலே அடிப்படை, காலணியால் தாளம் தட்டும் டாப் ஆகிய மூன்று நடனமும் கேட்பார்கள். ஆட்டத்துக்குப் பின் உடனே பாட வேண்டிய இடம்தான் எல்லாருக்கும் கண்டம். ஆட்டத்தின் கடைசி எட்டு எண்ணிக்கையில் மூச்சை வெளியேற்றும் இடங்களை அடவோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். இரைக்கும்போது மேலும் இழுக்கத் தோன்றும். நெஞ்சு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, முதலில் காலி செய்ய வேண்டும்.

பெண்ணுக்கு இந்தத் தொழில் எத்தனை வயது வரை?

லியா சலோங்கா 'மிஸ் சைகான்' நாயகியாக 1989இல் லண்டன் மேடை ஏறியபோது அவருக்கு வயது 18. 1991இல் அதே வேடத்துக்காக, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது. ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு முதல் டோனி கிடைத்தது 40 வயதில் ஏற்ற 'மேம்' வேடத்துக்கு. 'ஸ்வீனி டாட்' வரும்போது வயது 53. சீட்டா ரிவேராவுக்கு 1986இல் கார் விபத்தில் கால் நொறுங்கியது. 1993இல் 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்' நாடகத்தில் மறுபடி ஆடி டோனி வாங்கினார். பார்பரா குக் 1950களில் உயர்ந்த சோப்ரானோ (பெண் குரலில் மிக உயரமான வகை) குரலால் பெயர் பெற்றார். நாயகி வேடங்கள் நின்ற பிறகு, 1975இல் கார்னகி ஹாலில் தனிக் கச்சேரி செய்து, அதன்பின் பல பத்தாண்டுகள் கச்சேரி மேடையிலேயே வாழ்ந்தார்.

இவர்களிடம் பொதுவாகத் தெரிவது, குரல் மாறும்போது அதனோடு சண்டை போடாமல் வேடத்தை மாற்றிக்கொண்டதுதான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பல பெண்களின் குரல் கீழிறங்கும், மேல் ஸ்தாயி சுருங்கும். அப்போது இளம்பெண் பாட்டையே பிடித்துத் தொங்குவதைவிட, தாழ்ந்த ஸ்தாயியில் சொல்லுக்கு எடை கொடுக்கும் வேடங்களை நாற்பதிலேயே கற்றுவைப்பது நல்லது. ஆட்ரா மெக்டொனால்டை இன்னொரு விதத்தில் கவனியுங்கள்: ஆறு டோனி விருதுகளில் நான்கு வகை நடிப்புப் பிரிவும் அடங்கும். இசை நாடகம், வசன நாடகம் இரண்டிலும் வேரூன்றியவர். பாட்டு இல்லாத நாடகத்தில் நடிக்கத் தெரிந்தவருக்கு வேலை இல்லாத மாதங்கள் குறையும்.

பணம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வாரக் கணக்கு; நாடகம் நின்றால் சம்பளமும் நிற்கும். 1913இல் தொடங்கிய அமெரிக்க மேடை நடிகர்களின் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம் குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வு நேரம், காப்பீடு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏஜென்டுக்கு வழக்கமாகப் பத்து விழுக்காடு போகும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போல மணிநேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு துணை வேலையும் வைத்திருங்கள். ஆடிஷன்கள் பகலில்தான் நடக்கும்.

மேடையில் நடுப்பாட்டில் வரி மறந்துவிட்டால்?

தாளத்தை விடாதீர்கள். வாயை மூடாதீர்கள், அதே உயிரெழுத்தில் மெட்டைத் தொடருங்கள், அல்லது முந்தைய வரியையே திரும்பப் பாடுங்கள். பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. வாத்தியக் குழு காத்திருக்காது, அடுத்த வரியின் முதல் சொல்லில் போய்ச் சேர்ந்துகொள்வதே வழி. பெரிய அரங்குகளில் மாடி இருக்கைகளின் முன் விளிம்பில், மேடையை நோக்கி இரண்டு மூன்று திரைகள் தொங்கும். இசை நடத்துநரின் முகமும் கையும் அதில் தெரியும். தலையைத் திருப்பாமல் பார்வையை மட்டும் அங்கே உயர்த்துங்கள். பல நடத்துநர்கள் எல்லா வரியையும் உதட்டசைவில் கூடவே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.